பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க

பழைய கார் ஒண்ணு ரோட்டோரம் பானெட்டைத் தூக்கிக்கிட்டு நின்னா, பத்து நிமிஷத்துல அதைச் சுத்தி நாலு பேர் கூடிடுவாங்க. கவனிச்சிருக்கீங்களா? நாலு பேர்கிட்டயும் பதில் ரெடியா இருக்கும். ஒருத்தர் "பம்ப் போயிருக்கும்" என்பார். இன்னொருத்தர் "காயில் சார், கண்டிப்பா காயில்" என்பார். மூணாவது ஆள் பெட்ரோல் பங்கைத் திட்டுவார். நாலாவது ஆள், "பேசாம வித்துட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்று மொத்தக் கதையையும் முடிச்சு வைப்பார். இந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட "எப்போ நின்னுச்சு? எப்படி நின்னுச்சு?" என்று கேட்டிருக்க மாட்டார்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி இழுவை குறைஞ்சு நின்னு போகுதுன்னா, முதல் வேலை பார்ட்ஸ் மாத்துறது இல்லை, கேள்வி கேட்கிறது. அந்த வேலைக்கு நம்ம ஊர்ல யாரும் காசு கொடுக்கிறதில்லை. நம்ம காலேஜ்ல யாரும் மார்க் கொடுக்கிறதும் இல்லை. ரெண்டும் மாறணும்.

மெக்கானிக்கல் பசங்க மேட்டர்னு நினைச்சு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஈசிஇ மக்களுக்கும் இதுல பங்கு இருக்கு. கடைசியில வரேன்.

ஒரே அறிகுறி, அஞ்சு காரணம்

ஒரு பழைய பெட்ரோல் காரை எடுத்துக்குவோம். காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. இருபது நிமிஷம் ஜம்முனு ஓடுது. அப்புறம் ஒரு மேடு வந்தா ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இழுக்க மாட்டேங்குது. கொஞ்ச தூரத்துல ஆஃப். ஓரங்கட்டி டீ குடிச்சிட்டு வந்து சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

இதுக்குக் காரணம் என்னவா இருக்கலாம்? குறைஞ்சது அஞ்சு சொல்லலாம்.

ஒண்ணு, டேங்குக்குள்ள பெட்ரோலை உறிஞ்சுற குழாயோட வாயில் துரு, குப்பை அடைப்பு. இஞ்சின் ஓடும்போது உறிஞ்சல்ல குப்பை வந்து ஒட்டும். நின்னதும் உதிர்ந்து விழும். அதனால பத்து நிமிஷத்துல "தானா சரியாயிடுச்சு".

ரெண்டு, டேங்குக்குள்ள காத்து போக வேண்டிய வழி அடைபட்டிருக்கு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரலைன்னா உள்ளே வெற்றிடம் உருவாகும். அது பெட்ரோலைப் பின்னாடி பிடிச்சு இழுக்கும்.

மூணு, சூட்டுல குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாயிடுது. பம்ப் தள்ள வேண்டியது திரவம், கிடைக்கிறது ஆவி. அம்பாசடர், பத்மினி ஓட்டின பெரியவங்க சித்திரை வெயில்ல பம்ப் மேல ஈரத்துணி போட்ட கதை இதுதான்.

நாலு, இக்னிஷன் காயில். சூடு ஏறினா உள்ளே இருக்கிற சுருளோட இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும், ஸ்பார்க் சாகும். ஆறினதும் உயிர் வரும்.

அஞ்சு, இன்ஜெக்ஷன் வண்டின்னா கிராங்க் பொசிஷன் சென்சார். இதுவும் சூட்டுல செத்து, ஆறினா பிழைக்கிற ஜாதி.

டிரைவர் சீட்ல இருக்கிறவருக்கு அஞ்சும் ஒரே மாதிரிதான் தெரியும். செலவு மட்டும் வேற வேற. டேங்க் மூடியைத் துடைச்சா தீர்ந்து போகிற கோளாறுக்கும் பல ஆயிரம் ரூபாய் பில்லுக்கும் நடுவுல நிக்கிறது ஒரு சின்ன சோதனை மட்டும்தான்.

அந்தச் சோதனைகளும் பெரிய விஷயம் இல்லை. வண்டி நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. "புஸ்"னு காத்து உள்ளே போற சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா ரெண்டாவது காரணத்தைச் சந்தேகப்படலாம். ஈரத்துணி போட்டதும் உயிர் வந்தா மூணாவது. ஒரு ஸ்பேர் பிளக்கை வயர்ல மாட்டி, அதோட உலோக உடம்பை இஞ்சின் மேல தொட வெச்சு செல்ஃப் அடிச்சா நீலமா ஸ்பார்க் வரணும். வரலைன்னா பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். (இதைச் செய்யும்போது பக்கத்துல பெட்ரோல் கசிவு இருக்கக்கூடாது, வயரை வெறுங்கையால பிடிக்கக்கூடாது. ஜாக்கிரதை.) இன்ஜெக்ஷன் வண்டியில செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர்ல ஆர்பிஎம் பூஜ்யமாவே நின்னா கிராங்க் சென்சாரையும் அதோட வயரிங்கையும் பார்க்கணும்.

இதுக்கெல்லாம் முன்னாடி காசே செலவில்லாத கேள்வி ஒண்ணு இருக்கு. வண்டி எப்படி நின்னுச்சு? ஸ்விட்சை ஆஃப் பண்ணின மாதிரி பட்டுனு நின்னுதா, இல்லை மூச்சு வாங்குற மாதிரி திணறித் திணறி நின்னுதா? பட்டுனு நின்னா பெரும்பாலும் மின்சாரப் பக்கம். திணறி நின்னா பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். "பெரும்பாலும்"தான், "எப்பவும்" இல்லை. ஆனா எங்கே இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிடும்.

சிக்னல்ல மட்டும் நிக்குதா? அப்படின்னா கதையே வேற. மேட்டுல நல்லா இழுத்து, ஐடிலிங்ல மட்டும் சாகிற வண்டிக்கு பம்ப் மாத்தி என்ன பிரயோஜனம்? கார்புரேட்டரோட ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கலாம். ஏதோ ஒரு வேக்குவம் ஹோஸ் வெடிச்சுக் காத்து இழுக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இஞ்சின் சத்தம் மாறுதுன்னா பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸை முதல்ல பாருங்க.

செத்த நிமிஷம்தான் சாட்சி

இந்த மாதிரி கோளாறுல பெரிய சிக்கல், வொர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது வண்டி நல்லா இருக்கும். டாக்டர்கிட்ட போனதும் காய்ச்சல் விட்டுட்ட குழந்தை மாதிரி. ஸ்பார்க் இருக்கும், பெட்ரோல் வரும். எதைச் சோதிச்சாலும் பாஸ். அப்புறம் மெக்கானிக் என்ன செய்வார்? அனுபவத்துல எது அடிக்கடி போகுமோ அதை மாத்துவார். போகலைன்னா அடுத்தது.

எங்க மாமா விஷயத்துல நடந்தது இதேதான். தர்மபுரி பக்கத்துல சின்ன மளிகைக்கடை வெச்சிருக்கார். வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர். பின் சீட்டைக் கழட்டிட்டு, வாரம் ஒரு தடவை சேலம் லீ பஜார்ல இருந்து சரக்கு ஏத்திக்கிட்டு வருவார். சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏறணும். சரியா அந்த ஏத்தத்துல வண்டி திணறி நிக்கும். பின்னாடி லாரி வரிசை ஹாரன் அடிக்கும். இறங்கித் தள்ளக்கூட முடியாது, உள்ளே பருப்பு மூட்டை.

ரெண்டு மாசத்துல பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, ஃபியூல் பம்ப் புதுசு, கார்புரேட்டர் ஓவராலிங். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். வண்டி அதே இடத்துல அதே மாதிரி நின்னுச்சு. கடைசியில "இஞ்சினே வீக் ஆயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்று தீர்ப்பு. எடைக்குப் போட்டா வேற வண்டி வாங்க மாமாவால முடியாது. சரக்கை டெம்போவுக்கு வாடகை கொடுத்துக் கொண்டு வந்தா, அந்தக் கடையில வர்ற லாபம் வாடகைக்கே சரியாப் போகும்.

நான் போன்ல மாமாகிட்ட ஒரே ஒரு வேலை சொன்னேன். அந்த வண்டியில டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். "அடுத்த தடவை நின்ன உடனே பானெட்டைத் திறந்து அதைப் பாருங்க மாமா. டீ குடிக்கப் போயிடாதீங்க." அடுத்த வாரம் தொப்பூர்ல இருந்தே கூப்பிட்டார். "மாப்ள, காலியா இருக்குடா." அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கச் சொன்னேன். "இப்போ ரொம்புது."

அந்த ரெண்டு வரியில பாதி வண்டி நிரபராதி ஆயிடுச்சு. ஃபில்டருக்கே பெட்ரோல் வரலைன்னா அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார்புரேட்டர், பிளக், காயில் எதுவும் குற்றவாளி இல்லை. பம்ப் புதுசு. மிச்சம் இருக்கிறது டேங்க், குழாய், ரப்பர் ஹோஸ். மூடியைத் திறந்து பார்த்தார், வித்தியாசம் இல்லை. அப்போ காத்து வழியும் இல்லை. டேங்கை இறக்கினாங்க. உள்ளே துருப்பொடி. கூடவே உள்ளங்கை அளவு பாலிதீன் கவர் துண்டு. எப்பவோ மூடி தொலைஞ்சு போய், கவரைச் சுத்திக் கட்டி ஓட்டியிருக்காங்க. அது கிழிஞ்சு உள்ளே விழுந்து, மேடு ஏறும்போது உறிஞ்சல் கூடினதும் குழாய் வாயில் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. வண்டி நின்னா விலகிடும். டேங்க் கழுவின கூலியோட விஷயம் முடிஞ்சுது.

இதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் இல்லை. அந்த நிமிஷத்துல யாராவது பார்த்திருக்கணும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கைத் திட்டாதீங்க

இந்த இடத்துல "மெக்கானிக் எல்லாரும் திருடங்க" என்று முடிச்சிடலாம். கைதட்டல்கூட கிடைக்கும். ஆனா அது உண்மை இல்லை.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ, டேங்கை இறக்கின அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, நான் மூணு மணி நேரம் தேடிட்டு, ஒரு ஹோஸ் கிளாம்ப்பை டைட் பண்ணினேன், ஆயிரம் ரூபா குடுங்கன்னா எவன் குடுப்பான்? ஸ்க்ரூ திருப்பினதுக்கு ஆயிரமான்னு சண்டைக்கு வருவாங்க. அதே பம்ப் மாத்திட்டேன், மூவாயிரம்னா பேசாம குடுப்பாங்க. புது டப்பா கையில இருக்குல்ல."

யோசிச்சுப் பாருங்க. டப்பாவுக்குக் காசு உண்டு, மூளைக்குக் காசு இல்லை. அப்படி ஒரு சந்தையை நாம உருவாக்கி வெச்சிட்டு, "ஏன்யா தேடாம மாத்தினே"ன்னு கேட்கிறதுல நியாயம் இல்லை. தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கு நஷ்டம், கண்டபடி மாத்துறவருக்கு லாபம். இது அந்த ஒரு ஆளோட குணம் இல்லை, நாம பில் கொடுக்கிற முறை.

"புது வண்டியில இந்தப் பிரச்சினையே இல்லை, ஸ்கேனர் சொல்லிடும்" என்பீங்க. சொல்லாது. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்தே எல்லாக் காருக்கும் ஓபிடி 2 கட்டாயம். பல வருஷமா நம்ம ஊர் கார்களிலும் அந்த 16 பின் சாக்கெட் இருக்கு. ஆனா ஸ்கேனர் காட்டுறது அறிகுறியை, குற்றவாளியை இல்லை. பி0171 என்று ஒரு கோட் வருதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு அர்த்தம் "கலவையில் பெட்ரோல் குறைவு". உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துறவங்க உண்டு. பாவம், அந்த சென்சார் உண்மையைச் சொன்ன சாட்சி. காத்து எங்கேயோ கசிஞ்சு உள்ளே வரலாம், பம்ப் பிரஷர் குறைஞ்சிருக்கலாம், இன்ஜெக்டர் அடைச்சிருக்கலாம். சாட்சியை மாத்தினா கொலை மறைஞ்சிடுமா?

இப்போ புதுசா ஒரு பலியாடு கிடைச்சிருக்கு: எத்தனால். இ20 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்காதுன்னு சொல்றதுல விஷயம் இருக்கு. பெட்ரோல் முழுசா எரிய எடையில சுமார் 14.7 பங்கு காத்து வேணும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ரெண்டும் கலந்த இ20-க்கு சுமார் 13.5. இன்ஜெக்ஷன் வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஓரளவு சரிபண்ணிக்கும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது, அதோட ஜெட் அளவு அளவுதான். அதனால கலவை கொஞ்சம் மெலிஞ்சு போகும், இழுவை குறையலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் பதம் பார்க்கும், தண்ணியையும் இழுத்து வெச்சுக்கும். இதெல்லாம் நிஜம். ஆனா "எல்லாம் எத்தனாலால"ன்னு சொல்றதும் "எல்லாம் காயிலால"ன்னு சொல்றதும் ஒரே சோம்பேறித்தனம்தான். அளவுகோல் போட்ட கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் தண்ணி, அது மேல பெட்ரோல் ஊத்தி, மூடிக் குலுக்கி வைங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழே இறங்கும். அடியில இருக்கிற தண்ணி அடுக்கு எவ்வளவு கூடியிருக்கோ, ஏறக்குறைய அவ்வளவு எத்தனால். அளந்துட்டுத் திட்டுங்க.

ரெக்கார்டு நோட்டுல தூங்குற மோர்ஸ் டெஸ்ட்

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். தெர்மல் லேப்ல நாம என்ன பண்றோம்? வால்வ் டைமிங் டயக்ராம், ஹீட் பேலன்ஸ், ரிட்டார்டேஷன் டெஸ்ட், மோர்ஸ் டெஸ்ட். மோர்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு சிலிண்டரோட ஸ்பார்க்கையும் ஒவ்வொண்ணா கட் பண்ணி, பவர் எவ்வளவு குறையுதுன்னு எழுதுவோம். வைவாவுல "இண்டிகேட்டட் பவர் கண்டுபிடிக்க சார்" என்று ஒப்பிப்போம்.

ரோட்டோர மெக்கானிக் பழைய இஞ்சினை ஓட விட்டு, பிளக் வயரை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கிறாரே, அது என்ன? எந்த வயரை எடுத்தாலும் இஞ்சின் தடுமாறணும். ஒரு வயரை எடுத்தும் சத்தம் மாறலைன்னா அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யலைன்னு அர்த்தம். மோர்ஸ் டெஸ்ட்தான் அது! அவருக்குப் பேர் தெரியாது, நமக்குப் பயன் தெரியாது. எட்டு செமஸ்டர்ல இந்த ரெண்டையும் சேர்த்து யாரும் நமக்குச் சொல்லலை.

காரணம் எளிது. நம்ம லேப்ல இருக்கிற இஞ்சின் எல்லாம் நல்ல இஞ்சின். கோளாறே இல்லாத நோயாளியை வெச்சு டாக்டருக்குப் படிக்கிற மாதிரி நாம படிக்கிறோம். ஆட்டோ சைக்கிளோட எஃபிஷியன்சி ஃபார்முலா தூக்கத்துல கேட்டாலும் வரும். "மேட்டுல மட்டும் ஏன் நிக்குது?" என்று கேட்டா கூகுளைத் திறப்போம்.

டிபார்ட்மெண்ட்டுக்கு என் கோரிக்கை இதுதான். எடைக்குப் போற ஒரு பழைய காரை வாங்கி லேப் ஷெட்ல நிறுத்துங்க. லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் காலையில வந்து ஒரு கோளாறை ஒளிச்சு வைக்கட்டும்: ஒரு எர்த் வயரை லூஸ் பண்ணலாம், ஒரு வேக்குவம் ஹோஸைக் கழட்டலாம், ஒரு ஃபியூஸை எடுக்கலாம். நாலு பேர் கொண்ட டீம், கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு வேக்குவம் கேஜ். மார்க் கோளாறைக் கண்டுபிடிச்சதுக்கு மட்டும் இல்லை. என்ன கேள்வி கேட்டாங்க, எந்த வரிசையில கேட்டாங்க, ஒவ்வொரு சோதனையும் எதை நிரபராதின்னு விடுவிச்சது, அதை எழுதணும். குருட்டாம்போக்குல கண்டுபிடிச்சா பாதி மார்க். ஒழுங்கா தேடி, நேரம் போதாம விட்டாலும் பாதி மார்க்.

"எலக்ட்ரிக் கார் காலத்துல கார்புரேட்டர் எதுக்குப்பா?" என்று கேட்பாங்கன்னு தெரியும். நான் கார்புரேட்டரைக் கட்டிப்பிடிச்சு அழலை. அது நாளைக்குப் போகும். பாதியாப் பிரிச்சுத் தேடுற பழக்கம் போகாது. பேட்டரி பேக்ல ஒரு செல் வீக்குன்னாலும் அதே வழி, வயரிங்ல ஒரு கனெக்டர் துருப்பிடிச்சாலும் அதே வழி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, பக் எந்த கமிட்ல வந்துச்சுன்னு பாதிப் பாதியா வெட்டித் தேடுவீங்களே, மாமா பார்த்த ஃபில்டர் உங்க பிரேக்பாயிண்ட்தான். ஈசிஇ மக்களே, சிக்னல் எந்த ஸ்டேஜ் வரைக்கும் வருதுன்னு ப்ரோப் வெச்சுப் பார்ப்பீங்களே, அதேதான்.

இன்னொண்ணு. இருபத்தஞ்சு வருஷ வண்டியை இன்னும் ஓட்டுறவங்க எல்லாம் பழமை மேல ஆசை வெச்சவங்க இல்லை. 15 வருஷம் முடிஞ்சு, அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்சி புதுப்பிச்சு ஓட்டுறாங்கன்னா, பெரும்பாலும் வேற வழி இல்லாமத்தான். அவங்களுக்கு ஒரு தப்பான பம்ப்போட விலை, பையனோட ஒரு டேர்ம் ஃபீஸ். நம்ம படிப்பு அவங்க வரைக்கும் போய்ச் சேரணும்னா அது இந்த வழியாத்தான் போகும்.

அதனால உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ அப்படி ஒரு வண்டி இருந்தா நாலு வேலை செய்யுங்க. வண்டி எப்போ, எந்த சூட்டுல, எந்த மேட்டுல, எப்படி நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. நின்ன உடனே பெட்ரோல் இருக்கா, ஸ்பார்க் இருக்கா, ரெண்டையும் அங்கேயே பாருங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருளை மட்டும் மாத்துங்க, கழட்டினதைத் தூக்கிப் போடாதீங்க. வொர்க்‌ஷாப்புக்குப் போனா முதல்லயே சொல்லிடுங்க: "அண்ணே, எதையும் மாத்தாதீங்க, முதல்ல தேடுங்க. தேடுற நேரத்துக்குத் தனியா காசு தரேன்."

சொன்ன காசை, அவர் ஒரு கிளாம்ப்பை மட்டும் டைட் பண்ணியிருந்தாலும், பேரம் பேசாம கொடுத்துட்டு வாங்க.